அபிராமபுரத்துச் சிவப்பு வண்டியும் எங்க வீட்டு ஜேக்கப்பும்

எங்க வீட்டுக்காரர் ஜேக்கப்பைப் பத்திச் சொல்லணும்னா, முதல்ல அந்த வண்டியைப் பத்திச் சொல்லித் தொலைக்கணும். ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, தரையைத் தடவிக்கிட்டே போற ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அது இவருது இல்லை. இவரோட அண்ணன் ஜெஃப்ரியுது. ஜெஃப்ரி தோஹால பெரிய வேலைல இருக்கார். வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்மஸுக்கு வருவார், ஈ.சி.ஆர்ல நாலு நாள் சர்ருபுர்ருனு ஓட்டுவார், போயிடுவார். மீதி நாளெல்லாம் வண்டி அபிராமபுரத்துல அவரோட ஃப்ளாட்டுக்குக் கீழ கவர் போட்டுக்கிட்டுத் தூங்கும். அதைத் தட்டி எழுப்பறது, கழுவறது, காத்தடிக்கிறது, உடம்பு சரியில்லைன்னா தூக்கிட்டு ஓடறது எல்லாம் எங்க வீட்டு ஆம்பளை.

குடும்பஸ்தன் வாங்குற வண்டியா அது? காய்கறிப் பை வைக்க இடம் கிடையாது. குனிஞ்சு உள்ள போகணும், வெளிய வரணும்னா யாராவது கையைப் பிடிச்சு இழுக்கணும். மெட்ரோக்காரன் லஸ்ஸையும் மந்தைவெளியையும் தோண்டிப் போட்டு வருஷக்கணக்காச்சு. அந்தப் பள்ளத்துலயும் இரும்புத் தகட்டுலயும் இந்த வண்டி வயித்தைத் தேச்சுக்கிட்டுப் போறதைப் பாத்தா ஆட்டோக்காரங்களே ஐயோ பாவம்னு வழி விடுவாங்க. இவர் அதை மரியாதைன்னு எடுத்துக்குவார். கண்ணாடியை இறக்கி, கையைத் தூக்கி ஒரு நன்றி வேற.

எங்க மாமனார் பவுல்சாமி வாத்தியாரா இருந்தவர். சாந்தோம்ல எந்தச் சந்துல போய்க் கேட்டாலும் 'சார் வீடா, அந்தப் பச்சை கேட்டு'ன்னு கை காட்டுவாங்க. கோயிலுக்குப் போனா சார், மீன் வாங்கப் போனா சார். அந்த வீட்ல ரெண்டு பையனுங்க. மூத்தது இன்ஜினியர் ஆச்சு, பறந்துச்சு. இளையது ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டெண்ட் ஆச்சு, கண்ணாடிக் குழாய் கழுவிச்சு. கால் நூற்றாண்டா கழுவிக்கிட்டு இருக்கு. பசங்க இவரை 'லேப் அண்ணா'ம்பாங்க. டீச்சருங்க வெறும் ஜேக்கப்ம்பாங்க. நேத்து சேந்த டீச்சரும் ஜேக்கப்தான். நான் எங்க பங்குக் கோயில் நர்சரி ஸ்கூல்ல வேலை செய்யறேன். மூக்கு ஒழுகற குழந்தைகூட என்னை 'மர்சலின் மிஸ்'னு கூப்பிடுது. இந்த மனுஷனை மட்டும் ஒருத்தரும் 'சார்'னு கூப்பிட்டதில்லை. அப்பாவை ஊரே அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு வளந்தவருக்கு அது ஒரு புண்ணு. வெளிய சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும். காசு வேணாம், பதவி வேணாம், யாராவது நாலு பேர் முன்னாடி மதிச்சு ஒரு 'சார்' போடணும். இவருக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

அதுக்காகத்தான் அந்த வண்டியைக் கட்டிக்கிட்டு அழறார்னு நான் சொன்னா கோவம் வரும். அண்ணனுக்குச் செய்யறேன்ம்பார். எங்க மாமியாரோட கடைசிக் காலத்துல ஆஸ்பத்திரிச் செலவை ஜெஃப்ரி பாத்துக்கிட்டார், அதை இவர் சாகற வரைக்கும் மறக்க மாட்டார். சரி, செலவு அவர் பாத்தார். குளிப்பாட்டி, துணி மாத்தி, ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சது யாரு? அதுக்கு யாரும் நன்றி சொன்ன மாதிரி எனக்கு ஞாபகமில்லை. ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் மனுஷங்க வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுவாங்க. இவர் நேரா அபிராமபுரம் போய் கவரை உருவி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, உறும விட்டு, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருப்பார்.

இந்த வருஷம் மழைக்கு முன்னாடி வண்டிக்கு ஒரு வியாதி வந்துச்சு. கியர் மாறும்போது வெடுக்குனு ஒரு குலுக்கு. சிக்னல்ல நின்னு கிளம்பினா முன்னாடி போறவன் மேல முட்டற மாதிரி ஒரு எகிறு எகிறும். பெருங்குடியில கம்பெனி ஷோரூம், அதுலயே சர்வீஸ். ஜெஃப்ரி காசு கட்டி வாரண்டியை நீட்டி வச்சிருக்கார். கம்பெனிக்காரன் பாத்தா செலவெல்லாம் அவங்க தலைல. ஒரே ஒரு கண்டிஷன், வெளியாள் கை படக்கூடாது. இவ்வளவு சுலபமான விஷயம். இவர் லீவு போட்டுட்டு ஓட்டிக்கிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்தவர் முகத்தைப் பாத்தா யாரோ அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நடந்தது ரெண்டு நாள் கழிச்சுத்தான் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துச்சு. வாசல்ல செக்யூரிட்டி இவர் செருப்பைப் பாத்தானாம், சட்டையைப் பாத்தானாம், 'டிரைவருங்கல்லாம் பின்னாடி'ன்னு கை காட்டினானாம். இவரும் போயிருக்கார். பின்னாடி ஒரு ரூம், பிளாஸ்டிக் சேர், தண்ணி கேன், ஒரு ஃபேன். சாயங்காலம் வரைக்கும் அங்க மத்த டிரைவருங்களோட உக்காந்திருக்கார். முன்னாடி கண்ணாடி ஹால்ல தோல் சோபா, ஏ.சி, காபி மிஷின். கியர்பாக்ஸையே மொத்தமா மாத்தணும், ஒரு மாசம் வண்டியை விடணும்னு சொன்னாங்களாம். அதுவும் இவர்கிட்ட இல்லை, இவர் காதுல விழுந்ததுதான். 'நாங்க ஓனர்கிட்ட பேசிக்கறோம், நீங்க எடுத்துட்டுப் போங்க'ன்னுட்டாங்க.

"நான் ஓனரோட தம்பின்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"ன்னேன்.

"அவங்க கேக்கலையே மர்சி"ன்னார்.

கேக்கலையாம். இந்த ஒரு பதிலுக்கே நான் அவரை விட்டு ஓடிப்போயிருக்கணும்.

அதுக்கப்புறம் எங்க வீட்ல தினம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல சொற்பொழிவு. கம்பெனிக்காரனுங்க எல்லாம் திருடனுங்க. அவனுங்களுக்குக் கழட்டி மாட்டத்தான் தெரியும், ரிப்பேர் தெரியாது. ஒரு ஸ்க்ரூ லூஸா இருந்தா அரை வண்டியை மாத்துவானுங்க. கம்ப்யூட்டர் சொன்னதைச் சொல்றவனுக்கு கம்பெனிச் சட்டை எதுக்கு? நல்ல மெக்கானிக்குன்னா காதை வச்சுக் கேட்டே சொல்லிடுவான். இப்படிப் போகும். நான் ரசத்தை ஊத்திக்கிட்டே கேப்பேன். இதெல்லாம் கியர்பாக்ஸைப் பத்தின பேச்சு இல்லை, அந்த பிளாஸ்டிக் சேரைப் பத்தின பேச்சுன்னு தெரியாதவளா நான்?

ஊர்ல யோசனை சொல்றதுக்கு ஆளா இல்லை. ஜெஃப்ரி ஃப்ளாட்ல செக்ரட்டரி விஜயராகவன்னு ஒருத்தர். 'கம்பெனில விட்டுடுங்கோ, நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேக்கறதுன்னு யோசிங்கோ, எங்காத்துல எப்பவும் கம்பெனிதான்'னு சொன்னாராம். அவராத்துல இருக்கறது ஒரு பழைய வேன். என் தங்கச்சி லிண்டா நேர் எதிர். கம்பெனில விட்டா நல்ல பார்ட்ஸை உருவிட்டு வேற போட்டுடுவான், கண்ணு முன்னாடி வேலை நடக்கணும்னா வெளியதான்னு அடிச்சுப் பேசினா. அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இவர் விஜயராகவன் பேசும்போது தலையைச் சொறிஞ்சார், லிண்டா பேசும்போது தலையை ஆட்டினார். அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, எங்க போய் முடியும்னு.

மீர்சாகிப்பேட்டையில கரீமுல்லான்னு ஒரு மெக்கானிக். இந்த மாதிரி காருக்கெல்லாம் பேர் போனவராம். நானும் கூடப் போனேன், வேடிக்கை பாக்க. சந்துக்குள்ள தகரக் கூரை போட்ட ஷெட்டு. வெள்ளைச் சட்டை, விரல்ல பச்சைக் கல் மோதிரம். கைல ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது, வேலையெல்லாம் மத்தவங்க. வண்டி சந்துல திரும்பும்போதே கும்பிட்டுக்கிட்டு வந்தார்.

"வாங்க ஓனர் சார். இன்னா வண்டி சார் இது. ராஜா மாதிரி கீது."

ஓனர், அதோட சார். ரெண்டும் ஒரே மூச்சுல. எங்க வீட்டுக்காரர் காதுல அது போய் இறங்கினதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். முதுகு நிமிந்துச்சு, தொப்பை உள்ள போச்சு. சேரைத் துணியால தொடைச்சுப் போட்டாங்க, கண்ணாடி டம்ளர்ல டீ வந்துச்சு, சமோசா வந்துச்சு. ஓனர் சாருக்கு என்ன பிசினஸ்னு கரீமுல்லா கேட்டார். இந்த மனுஷன் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு, 'எஜுகேஷன் லைன்'னார். எனக்குத் தொண்டையில சமோசா அடைச்சுக்கிச்சு.

நாங்க உக்காந்திருந்த நேரத்துல ஒரு ஆட்டோக்காரர் ஸ்பானர் கடன் கேட்டு வந்தார். அவரும் ஓனர் சார்தான். தண்ணி கேன் போடறவரும் ஓனர் சார்தான். இவர் காதுல அதெல்லாம் விழவே இல்லை. கம்பெனில குடுத்தா மொத்தமா கழட்டிக் கடாசிட்டுப் புதுசு போடுவான், நம்ம கைல குடுங்க, உள்ள ஒரு சென்சார்தான், எண்ணெய் மாத்தி சுத்தம் பண்ணி ரெண்டு மூணு நாள்ல குடுத்துடறேன்னார் கரீமுல்லா. வாரண்டின்னு நான் வாயெடுத்தேன். "யாருக்கும்மா தெரியப் போவுது, நாங்க கை வச்சது எங்களுக்கே தெரியாது"ன்னு சிரிச்சார். இவரும் சேந்து சிரிச்சார். வாரண்டி இவருதா? அண்ணனுது. அந்த நினைப்புகூட இல்லாம சாவியைத் தூக்கிக் குடுத்துட்டு, இன்னொரு டீ குடிச்சார். அங்க காபி குடுத்து ஏமாத்துவான், இங்க டீ குடுத்து ஏமாத்துவான், ஏமாற இவர் ரெடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அது ஆயுத பூஜை சமயம். கரீமுல்லா தொழுகைக்குப் போறவர், ஆனா ஷெட்ல வேலை செய்யறவங்கள்ல பாதிப் பேர் பூஜை போடறவங்க. வருஷா வருஷம் ஸ்பானர்லேந்து ஜாக்கி வரைக்கும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை பங்கு போட்டுச் சாப்பிடுவாங்களாம். பக்கத்துச் செட்டியாரம்மா வீட்டு ஸ்கூட்டர்லேந்து பாதிரியார் ஜீப்பு வரைக்கும் அன்னைக்கு அந்த ஷெட்ல நிக்கற எல்லாத்துக்கும் பொட்டு உண்டு. நம்ம வண்டியும் அப்படியேதான் திரும்பி வந்துச்சு, பம்பர்ல சாமந்தி மாலை, நாலு சக்கரத்துலயும் குங்குமம், கண்ணாடில விபூதிப் பட்டை. உள்ள ரியர்வியூ கண்ணாடில ஜெபமாலை தொங்குது. இவர் அபிராமபுரத்துல கீழ உக்காந்து ஈரத் துணி போட்டு ஒவ்வொரு பொட்டா தொடைச்சார். மாலையை என்கிட்ட குடுத்தார். ஒண்ணும் விடலைன்னு நிமிந்து நின்னு சொன்னார்.

குலுக்கு நின்னுபோச்சு. ஆஹா, அந்த ரெண்டு வாரம் இவர் அலட்டின அலட்டலை மாதா பொறுத்துக்கிட்டாங்க, நான் பொறுத்துக்கலை. பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நின்னு, எவன் கார் ரிப்பேர்னு சொன்னாலும் 'கம்பெனிக்குப் போகாதீங்க, நம்ம ஆள் இருக்கான்'னு ஆரம்பிச்சுடுவார். நம்ம ஆளாம். அப்புறம் ஒரு நாள் அடையார் பாலத்து மேல பஸ்ஸுக்குப் பின்னாடி போய்க்கிட்டு இருக்கோம், வெடுக்குனு ஒரு எகிறு. என் நெத்தி போய் முன்னாடி இடிச்சுச்சு. பழைய குலுக்கேதான், இன்னும் கொஞ்சம் பலமா. இவர் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓட்டினார். நான் நெத்தியைத் தேச்சுக்கிட்டே 'நம்ம ஆளுக்கு போன் போடுங்க'ன்னேன்.

போன் போடறதுக்கு முன்னாடி ஜெஃப்ரி போன் வந்துச்சு. கிறிஸ்மஸுக்கு வர்றாராம். கம்பெனிக்காரங்க கியர்பாக்ஸ் வந்துடுச்சுன்னு சொன்னாங்களாம், அவரே தோஹாலேந்து தேதி வாங்கிட்டாராம். வண்டியைக் கொண்டுபோய் விட்டா போதும்னார். இவர் 'சரிண்ணே, சரிண்ணே'ன்னு நாலு தடவை சொல்லி வச்சார். மீர்சாகிப்பேட்டை பத்தி மூச்சு விடலை. வச்சுட்டு என்னைப் பாத்தார். மறுபடியும் அந்தப் பின்பக்க ரூம் ஞாபகம் வந்துடுச்சுன்னு முகத்துலயே தெரிஞ்சுது.

எனக்கு இவர் மேல எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், இவரைப் பின்பக்கம் போகச் சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான். செக்யூரிட்டிக்கு இல்லை. நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். ஈஸ்டருக்குக் கட்டின பட்டுப் புடவையை எடுத்தேன், இவருக்கு எங்க பொண்ணு சோஃபியா கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டை மாட்டினேன், ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். டிரைவர் யாரும் பட்டுப் புடவை கட்டின பொண்டாட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு சர்வீஸுக்கு வர மாட்டான் பாருங்க. அதே செக்யூரிட்டி ஓடி வந்து கதவைத் திறந்தான்.

சர்வீஸ் அட்வைசர் ஒரு இளவட்டம், சட்டையில சாய்சரண்னு பேர் குத்தியிருந்துச்சு. இந்தத் தடவை நான் இடுப்புல ஒரு இடி இடிச்சதும் இவர் சொன்னார், "என் அண்ணன் வண்டிங்க. நான் தம்பி." அந்தப் பையன் உடனே, "ஓ, வாங்க சார், உக்காருங்க சார், மேடம் காபியா டீயா"ன்னான். தோல் சோபால உக்காந்தோம். இவர் கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, நுரையைக் கலைக்காம உறிஞ்சினார். கண்ணு ரெண்டும் பளபளன்னு இருந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இத்தனை வருஷத்துல அவரை அப்படிப் பாத்ததில்லை.

காபி முடியறதுக்குள்ள சாய்சரண் திரும்பி வந்தான். கைல டேப்லெட், அதுல ஒரு போட்டோ. எஞ்சின் மேல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமாம், கம்பெனில அதைக் கழட்டியிருக்காங்க. மூடிக்கு அடியில, கறுப்பு இரும்பு மேல, அழகா வட்டமா ஒரு சந்தனப் பொட்டு, அது நடுவுல குங்குமம். மீர்சாகிப்பேட்டையில எந்த மகராசனோ பக்தியா, எஞ்சினுக்குத்தான் முதல் மரியாதைன்னு, மூடியைத் திறந்து உள்ள வச்சிருக்கான். வெளிய இருந்ததை எல்லாம் தொடைச்ச எங்க வீட்டு அறிவாளி உள்ள எட்டிப் பாக்கலை.

"சார், இந்த மூடியை நாங்க கழட்டினதே இல்லை. வெளில எங்கயாவது குடுத்தீங்களா?"ன்னான்.

நாங்களே வச்சோம்னு சொல்லலாம்னா பேரு ஜேக்கப், கோட்டுப் பையில மாதா படம். இவர் முழிச்ச முழியே பதில். அந்தப் பையன் மரியாதையாத்தான் பேசினான். வெளியாள் கை பட்டதால வாரண்டி செல்லாது, ஓனர்கிட்ட உடனே சொல்லியாகணும்னான். சொல்லிக்கிட்டே தோஹாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல டீப்பாய் மேல வச்சான். நாங்க மூணு பேரும் அதையே பாத்துக்கிட்டு இருந்தோம். அவன் விஷயத்தைச் சொன்னதும் ஜெஃப்ரி குரல் அந்த ஹாலுக்கே கேட்டுச்சு.

"நான்தான் முதல்லயே சொன்னேனே, வெளியாள் தொடக்கூடாதுன்னு. இந்த டிரைவருங்களை நம்பி ஒரு வேலை குடுக்க முடியறதில்லை. அவன்கிட்டேந்து சாவியை வாங்கி வச்சுடுங்க. அவனை நான் வந்து பாத்துக்கறேன்."

அப்பத்தான் புரிஞ்சுது, அன்னைக்கு செக்யூரிட்டி செருப்பைப் பாத்துச் சொல்லலை. அவனுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. ஜெஃப்ரி எப்பவுமே என் டிரைவர் வருவான், டிரைவர் எடுத்துட்டுப் போவான்னுதான் அவங்ககிட்ட பேசியிருக்கார். இவர் கப்பைக் கீழ வச்சார். சத்தம் வராம வச்சார்.

சாய்சரண் எங்களைப் பாத்தான், போனைப் பாத்தான். "சார், வந்திருக்கிறவர் உங்க தம்பின்னு சொன்னாரே?"ன்னான்.

தோஹாலேந்து தொண்டையைச் செருமற ஒலி மட்டும் வந்துச்சு. அண்ணன் மாட்டிக்கிட்டான்னு எனக்குத் தெரிஞ்சுது. சொல்லட்டும், இந்தப் பையன் முன்னாடி என்ன சொல்றான்னு கேப்போம்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் எழுந்து நின்னார். கோட்டு பட்டனைப் போட்டுக்கிட்டார். தன் மகன் வயசுல இருக்கிற அந்தப் பையனைப் பாத்துச் சொன்னார்.

"இல்லை சார். நான் டிரைவர்தான். இங்க உக்காரலாம்னு சும்மா அப்படிச் சொல்லிட்டேன்."

அண்ணன் மானம் போகக்கூடாதாம். அந்த ஆளுக்கு வாய் இருக்கு, இல்லைடா அவன் என் தம்பிதான்னு சொல்ல ஒரு விநாடி ஆகாது. சொல்லலை. தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டு மூச்சு விடாம இருந்தார். இருபத்தஞ்சு வருஷமா நான் இந்த மனுஷனைக் கேலி பேசியிருக்கேன், திட்டியிருக்கேன், கோழைன்னு சொல்லியிருக்கேன். இந்த மாதிரி ஒரு கோவம் எனக்கு வந்ததே இல்லை. அது இவர் மேலயா அவர் மேலயான்னு அப்ப எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தோணலை.

சாய்சரணுக்கு ஒண்ணும் புரியலை. பட்டுப் புடவையில உக்காந்திருக்கிற என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க யாரு மேடம்?"னு கேட்டான்.

போன் இன்னும் கட் ஆகலை. நான் எழுந்து அது பக்கத்துல போய், கடைசி பெஞ்சுல இருக்கிற குழந்தைக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்.

"ஓனரோட தம்பி பொண்டாட்டி."